செக்ஸ் தெரபிக்குப் போனால் உள்ளே என்னதான் நடக்கும்?

கேள்வி | நவம்பர் 9, மாலை

குன்னூர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் தங்கச்சிக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகப் போகிறது. இன்னும் இருவருக்கும் நடுவில் ஒன்றும் நடக்கவில்லை என்று என் மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறாள். நெருங்கினாலே உடம்பு இறுகிப் போகிறதாம், தாங்க முடியாத வலியாம். மாப்பிள்ளை நல்ல மனுஷன், ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை, ஆனால் அவரும் இப்போது யாரோடும் பேசாமல் ஒடுங்கிப் போயிருக்கிறார். அம்மா மந்திரித்துக் கயிறு கட்டலாம் என்கிறார். ஒரு நண்பர் செக்ஸ் தெரபி என்று சொன்னார். அங்கே போனால் என்ன செய்வார்கள்? அவர்கள் முன்னால் ஏதாவது செய்யச் சொல்வார்களா? வெறும் பேச்சுதான் என்றால் அதை வீட்டிலேயே பேசிக்கொள்ளக் கூடாதா?

நவம்பர் 9, இரவு

தம்பி, முதல் பயத்துக்கு முதலில் பதில். அவர்கள் முன்னால் எதையும் செய்யச் சொல்ல மாட்டார்கள். துணியைக் கழற்றச் சொல்ல மாட்டார்கள், தெரபிஸ்ட் உங்கள் தங்கச்சியைத் தொடவும் மாட்டார். உட்கார்ந்து பேசுவது, வீட்டில் போய்ச் செய்யச் சில பயிற்சிகள், அடுத்த முறை வந்து அது எப்படிப் போச்சு என்று பேசுவது, இவ்வளவுதான். உடம்பைப் பார்க்க வேண்டியிருந்தால் அது மகளிர் மருத்துவரின் வேலை. அதுவும் அவள் சரி என்றால் மட்டும், கூட ஒரு நர்ஸ் இருக்கும்போது. தெரபி என்ற பெயரில் யாராவது தொட வந்தால் அந்த நிமிஷமே எழுந்து வந்துவிட வேண்டும், கட்டின பணம் போனாலும் போகட்டும்.

நான் கோத்தகிரி. இதே பிரச்சினையோடு நானும் என் வீட்டுக்காரரும் கோவைக்குப் போய்ச் சரியாகி வந்தவர்கள். மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

நவம்பர் 10

இன்றைக்கு ஞாயிறு, கடை அரை நாள்தான். (நான் டி.ஃபார்ம் படித்துவிட்டு ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை செய்கிறேன்.)

எங்களுக்கும் கல்யாணமான புதிதிலிருந்தே இதேதான். ஒவ்வொரு முறையும் உள்ளே வழியே இல்லாத மாதிரி இருக்கும், அப்புறம் தீப்பட்ட மாதிரி எரியும். நான் வேண்டாம் என்று நினைத்ததே இல்லை. ஆசை இருந்தது, அவர் மேல் பிரியம் இருந்தது, உடம்பு மட்டும் ஒத்துழைக்கவில்லை. அதைத்தான் யாரிடமும் புரிய வைக்க முடியவில்லை. ஒரு டாக்டர் "முதல் குழந்தை பிறந்தா எல்லாம் சரியாயிடும்மா" என்றார், அந்தக் குழந்தை எப்படி வரும் என்று அவருக்குத் தோன்றவில்லை. மலைக்குக் கீழே சமவெளியில் இன்னொரு டாக்டர் "டென்ஷன்தான் காரணம், எங்கேயாவது மலைப் பக்கம் நாலு நாள் போய்ட்டு வாங்க" என்றார். நாங்கள் கோத்தகிரியிலிருந்து பஸ் ஏறி அவரைப் பார்க்கப் போயிருந்தோம். திரும்பி மலை ஏறி வரும்போது என் வீட்டுக்காரர் வழியில் குஞ்சப்பனை தாண்டுகிற வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார், என்னால் சிரிக்க முடியவில்லை.

கடைசியில் ஒரு மகளிர் மருத்துவர் அவசரப்படாமல், ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லிப் பரிசோதித்துவிட்டு, உறுப்பில் குறை ஒன்றும் இல்லை, வஜைனிஸ்மஸ் என்றார். யோனியைச் சுற்றியுள்ள அடி இடுப்புத் தசைகள் நாம் சொல்லாமலே இறுகிக்கொள்வது. கண்ணுக்கு நேரே விரலைக் கொண்டு போனால் இமை தானாக மூடுகிறதில்லையா, அதை யாரும் பிடிவாதம் என்று சொல்வதில்லை, இதுவும் அப்படித்தான் என்று சொல்லி, கோவையில் செக்ஸ் தெரபி செய்கிற ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம் (உளவியல் சிகிச்சையாளர்) அனுப்பினார். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013-ல் இந்த இறுக்கத்தையும் உறவின்போது வரும் வலியையும் சேர்த்து ஒரே பிரச்சினையாக வகைப்படுத்திவிட்டது. வலி பயத்தைக் கொண்டுவருகிறது, பயம் தசையை இறுக்குகிறது, இறுகினால் வலி இன்னும் கூடுகிறது. எங்கே தொடங்கியது என்று பிரித்துப் பார்க்க முடியாது.

நவம்பர் 10, மாலை

கயிறு பற்றி. அம்மா மனசுக்கு ஆறுதல் என்றால் கட்டிக்கொள்ளட்டும், அதில் சண்டை போட்டு சக்தியை வீணாக்க வேண்டாம். கட்டியாச்சு, இனி பார்ப்போம் என்று இன்னொரு வருஷத்தைக் கடத்தாமல் இருந்தால் சரி.

நவம்பர் 13

வீட்டிலேயே பேசிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டிருந்தீர்கள், அதை நான் விட்டுவிட்டுப் போய்விட்டேன் என்று ஒருவர் நினைவுபடுத்தினார்.

எங்கள் வீட்டுப் பேச்சைச் சொல்கிறேன். நான் "ஸாரிங்க" என்பேன், அவர் "பரவால்ல விடு" என்பார். இரண்டு பேரும் மற்றவரை நோகடிக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்து நடந்ததில் உண்மையை ஒருவரும் சொல்லவில்லை. தெரபிஸ்ட் முதல் நாள் எங்களைச் சேர்த்துவைத்துக் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, அப்புறம் தனித்தனியாகக் கேட்டார். வயசுக்கு வந்தபோது யார் என்ன சொன்னார்கள், முதல் இரவு பற்றி என்ன கேள்விப்பட்டிருந்தாய், யாராவது தப்பாகத் தொட்டிருக்கிறார்களா, என்ன மாத்திரை சாப்பிடுகிறாய், தூக்கம் எப்படி, வீட்டில் யார் யார், படுக்கிற இடம் எது. முதல் இரவில் ரத்தம் வந்தே ஆக வேண்டும், வலித்தே தீரும் என்று சித்தி சொன்னது அப்படியே என் மனதில் கிடந்தது, அது அன்றைக்குத்தான் வெளியே வந்தது. கன்னிச்சவ்வு கதவு மாதிரி மூடிக்கொண்டிருக்கிற சமாச்சாரம் இல்லை, எல்லாருக்கும் ரத்தம் வருவதும் இல்லை என்று படம் போட்டுக் காட்டினார். பார்மசி படித்த எனக்கே அது புதுசு, எங்கள் பாடத்தில் மருந்து இருந்தது, இது இல்லை.

என் வீட்டுக்காரர் தனியாக என்ன சொன்னார் என்று அப்புறம் அவரே சொன்னார். என்னை நோகடிக்கிறோம் என்ற பயத்தில் அவருக்கே கொஞ்ச நாளாக விறைப்பு சரியாக வரவில்லை, அதை என்னிடம் மறைத்துக்கொண்டிருந்தார். இது ரொம்ப சகஜமாம். ஒருவருக்குத் தொடங்குகிற பிரச்சினை மெதுவாக இரண்டு பேர் உடம்பிலும் உட்கார்ந்துவிடும். தம்பி, உங்கள் மாப்பிள்ளை ஒடுங்கிப் போனார் என்று எழுதியிருந்தீர்களே, அவரையும் சேர்த்துத்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

எங்களுக்குக் கிடைத்த முதல் உத்தரவு, தெரபிஸ்ட் சொல்கிற வரைக்கும் உடலுறவுக்கு முயற்சியே செய்யக் கூடாது என்பது. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றபோது இரண்டு பேருக்கும் தோளிலிருந்து மூட்டையை இறக்கின மாதிரி இருந்தது. தோற்றுப்போகப் போகிறோம் என்ற நினைப்போடு படுக்கப் போகாத ராத்திரி எங்களுக்கு வெகு நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் வந்தது.

நவம்பர் 14

அந்தத் தடை எதற்கு என்று கேட்டவருக்கு. இந்த முறையை உருவாக்கியவர்கள் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் வேலை செய்த வில்லியம் மாஸ்டர்ஸ், வர்ஜீனியா ஜான்சன் என்ற இரண்டு பேர். மனித உடம்பு உறவின்போது என்ன ஆகிறது என்று ஆய்வுக்கூடத்தில் அளந்து 1966-ல் எழுதினார்கள், அதை வைத்துச் சிகிச்சை எப்படி என்று 1970-ல் எழுதினார்கள். தம்பதியை இரண்டு வாரம் அங்கேயே தங்கவைத்து, ஒரு ஆண் ஒரு பெண் என்று இரண்டு தெரபிஸ்டுகள் தினமும் பார்த்தார்கள். அவர்கள் கவனித்த பெரிய விஷயம், பிரச்சினை உள்ளவர்கள் படுக்கையில் இருக்கும்போதே கொஞ்சம் தள்ளி நின்று தன்னையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது. வருதா, நிக்குதா, வலிக்குதா, முடிஞ்சிருமா. அப்படிப் பரீட்சை எழுதுகிற மனசோடு உடம்பு இளகாது. அதனால் பரீட்சையையே ரத்து செய்துவிட்டு, தொடுதலை மட்டும் முதலிலிருந்து பழகச் சொன்னார்கள்.

பயிற்சி எப்படி என்றால், ஒருவர் தொட வேண்டும், ஒருவர் சும்மா படுத்திருக்க வேண்டும், அப்புறம் முறை மாற்றிக்கொள்ள வேண்டும். மார்பும் பிறப்புறுப்பும் முதல் கட்டத்தில் கிடையாது. அவளுக்குப் பிடிக்குமா என்று யோசித்துத் தொடாதே, உன் கைக்கு என்ன தெரிகிறதோ அதைக் கவனி, சூடா குளிரா, மிருதுவா சொரசொரப்பா என்று மட்டும் பார் என்றார் எங்கள் தெரபிஸ்ட். பிடிக்காத இடம் என்றால் வாயால் சொல்ல வேண்டாம், கையை எடுத்து வேறு இடத்தில் வைத்தால் போதும்.

கோத்தகிரியில் டிசம்பர் ராத்திரியில் இதைச் செய்து பாருங்கள். இவர் கை பனிக்கட்டி மாதிரி இருக்கும். போதாததற்கு, தேயிலை எடுக்கிற கை, விரல் இடுக்கெல்லாம் கறை பிடித்துக் கருப்பாக, தோல் காய்த்துப் போயிருக்கும். அந்தக் கையை என் மேல் வைக்கவே அவர் கூச்சப்பட்டிருக்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வெந்நீர் பையை முதலில் அவர் கைக்குக் கொடுத்து, சூடானதும் தொடங்குவோம். மாமியார் ஹாலில் சீரியல் பார்க்கிற நேரம்தான் எங்களுக்குக் கிடைத்த நேரம். விளம்பரம் வந்தால் டிவி சத்தம் கூடும், அப்போது இரண்டு பேரும் சிரிப்பை அடக்குவோம். அப்படிச் சிரித்ததே பாதி வைத்தியம் என்று தெரபிஸ்டிடம் சொன்னபோது அவரும் சிரித்தார், அதை நோட்டில் எழுதியும் வைத்துக்கொண்டார்.

நவம்பர் 15

இந்த இறுக்கத்துக்கு யோனிக்குள் வைத்துப் பழகுகிற டைலேட்டர் என்றால் என்ன என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சிலிக்கானிலோ பிளாஸ்டிக்கிலோ வழவழப்பான குச்சிகள், சுண்டுவிரல் பருமனிலிருந்து படிப்படியாகப் பெரிசாகும். தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு, மூச்சை நிதானமாக விட்டு, சிறுநீரை அடக்குகிற மாதிரி தசையை இறுக்கி, அப்புறம் முழுசாகத் தளர்த்தி, அந்தத் தளர்ந்த நேரத்தில் ஜெல் தடவிக்கொண்டு சின்னதிலிருந்து தொடங்க வேண்டும். சொந்த விரலால் தொடங்குகிறவர்களும் உண்டு. வலித்தால் நிறுத்த வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினால் உடம்பு பயத்தைத்தான் திரும்பப் படிக்கும். எனக்கு முதல் அளவே கொஞ்ச நாள் ஆச்சு, நடுவில் ஒரு தடவை பின்னுக்கும் போச்சு. தண்ணீர் சார்ந்த ஜெல்தான் நல்லது. தேங்காய் எண்ணெய் போட்டுவிட்டு ஆணுறை பயன்படுத்தினால் ரப்பர் கிழிந்துவிடும், இதைக் கடையில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.

நவம்பர் 17

"இதுக்கெல்லாம் எதுக்குக் கோவை? மாசாமாசம் லாட்ஜுக்கு வர்ற வைத்தியர்கிட்ட லேகியம் வாங்கினா போதும்" என்று எழுதியிருக்கிற அண்ணனுக்கு, கோபத்தை அடக்கிக்கொண்டு எழுதுகிறேன்.

ஊர் ஊராக முகாம் தேதி போட்டு வந்து, லாட்ஜில் ரூம் எடுத்து, வாலிப வயதில் செய்த தப்பால் நரம்பு தளர்ந்துவிட்டது என்று இருபது வயசுப் பையனைப் பயமுறுத்திப் பணம் பிடுங்குகிறவர்களை எனக்குத் தெரியும். அங்கே போய்விட்டு, தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த பணமெல்லாம் கரைந்த பிறகு என் கடைக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டு நிற்கிற பையன்களையும் தெரியும். தூக்கத்தில் விந்து வெளியேறுவது இயல்பு. சுயஇன்பத்தால் நரம்பு தளராது, முதுகெலும்பு கரையாது, எத்தனையோ துளி ரத்தம் சேர்ந்துதான் ஒரு துளி விந்து என்பதும் பொய். இந்தப் பயமே ஒரு நோயாகி ஆளைச் சாய்க்கிறது என்று 1960-லேயே என்.என்.விக் என்ற இந்திய மனநல மருத்துவர் எழுதி, அதற்கு தாத் சிண்ட்ரோம் என்று பெயரும் வைத்தார். இவ்வளவு வருஷத்துக்கு அப்புறமும் ராத்திரி டிவியில் அதே பயத்தை விற்கிறார்கள். பாலுறவுச் சக்தியைக் கூட்டுவதாக விளம்பரம் செய்வதையே 1954-ல் வந்த மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது.

இதனால் சித்த மருத்துவத்தையே நான் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பட்டம் படித்துப் பதிவு செய்து அரசு மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கிற சித்த மருத்துவர்கள் வேறு, இவர்கள் வேறு.

நவம்பர் 18

லேகியத்துக்குப் பதிலாக மாத்திரையே வாங்கிப் போடலாமே என்று தொடர்ந்து வந்த கேள்விக்கு. விறைப்புக்குக் கொடுக்கிற சில்டெனாஃபில் (வயாகரா) 1998-ல் அமெரிக்காவில் அனுமதி வாங்கிய மருந்து, பலருக்கு உதவுகிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் டாக்டர் சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து அது. நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற சார்பிட்ரேட் மாதிரி நைட்ரேட் மருந்து சாப்பிடுகிறவர் இதையும் போட்டால் ரத்த அழுத்தம் திடீரென்று விழுந்து உயிருக்கே ஆபத்து. கூட்டம் இல்லாத நேரம் பார்த்து வந்து சத்தமில்லாமல் கேட்கிற பெரியவர்களிடம் இதைச் சொல்லித் திருப்பி அனுப்பினால் சிலர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள்.

விறைப்பு குறைகிறது என்றால் முதலில் சர்க்கரை, பிரஷர், கொழுப்பு பார்க்க வேண்டும். ஆணுறுப்புக்குப் போகிற ரத்தக் குழாய் இதயத்தின் குழாயைவிடச் சிறிசு, அதனால் அடைப்பு அங்கே முதலில் தெரியலாம், மாரடைப்புக்குக் கொஞ்ச வருஷம் முன்னாலேயே கூட. அட்டெனலால் மாதிரியான சில பிரஷர் மாத்திரைகளும், எஸ்சிடலோப்ராம், செர்ட்ராலின் மாதிரியான மனச்சோர்வு மாத்திரைகளும் ஆசையையோ உச்சத்தையோ குறைக்கலாம். தானாக நிறுத்திவிடக் கூடாது, எழுதிக் கொடுத்த டாக்டரிடம் வெளிப்படையாகச் சொன்னால் மாற்றித் தருவார். நல்ல தெரபிஸ்ட் இதையெல்லாம் முதலில் கேட்பார். கேட்காமல் நேரே மனசு என்று தொடங்குகிறவரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை.

நவம்பர் 20

"என் மனைவிக்கு இதில் இஷ்டமே இல்லை, தெரபிஸ்ட் அவளைச் சம்மதிக்க வைப்பாரா" என்று ஒருவர். இல்லை. யாரையும் சம்மதிக்க வைப்பது தெரபி இல்லை. ஏன் இஷ்டமில்லை என்று அவர் தனியாகக் கேட்பார். வலியா, களைப்பா, குழந்தை பெற்ற பிறகு உடம்பு வறண்டு போயிருக்கிறதா, பேச்சில் காயமா, அல்லது உங்களைப் பார்த்தால் பயமா. பதில் எதுவாக இருந்தாலும் கேட்கத் தயாராக இருந்தால் போங்கள்.

இதைப் படிக்கிற பெண்களுக்கும் ஒன்று. வீட்டில் அடி, மிரட்டல், கட்டாயம் என்று இருந்தால் சேர்ந்து போகிற தெரபி முதல் வழி இல்லை. அங்கே சொன்னதற்கு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்ள நேரும். 181-க்குக் கூப்பிடுங்கள், பெண்களுக்கான உதவி எண்.

நவம்பர் 22

கூடலூர் டான்டீ (அரசுத் தேயிலைத் தோட்டம்) லயனிலிருந்து, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டிலிருந்து, ஒரு தங்கை எழுதியதைப் படித்துவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரே ரூம், ஒரு அடுப்படி, மாமனார் மாமியார், இரண்டு பிள்ளைகள். "நீங்க சொல்ற பயிற்சிய நாங்க எங்க போய்ச் செய்றதுக்கா?"

நானும் லயனில் பிறந்தவள்தான். 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தில் சிலோனிலிருந்து வந்த குடும்பம். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்: இந்தப் பயிற்சிகள் கதவு வைத்த பெட்ரூம் இருக்கிறவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. தெரபிஸ்டிடம் முதல் நாளே படுக்கிற இடத்தைச் சொல்லிவிட வேண்டும், நல்லவர் என்றால் அதற்கேற்ப மாற்றித் தருவார். பிள்ளைகள் ஸ்கூலுக்கும் பெரியவர்கள் ரேஷன் கடைக்கும் போன நேரம், துணியோடு, கை கால் மட்டும், பத்தே நிமிஷம் என்று தொடங்கலாம். பேசுகிற பாகத்தைச் சந்தைக்கு நடந்து போகும்போது பேசிக்கொள்ளலாம். மூச்சுப் பயிற்சியும் தசையைத் தளர்த்துகிற பயிற்சியும் போர்வைக்குள் படுத்துக்கொண்டே செய்யலாம், பக்கத்தில் இருக்கிறவருக்குக் கூடத் தெரியாது.

எல்லாருக்கும் நீண்ட சிகிச்சை தேவைப்படாது என்பதையும் சேர்க்க வேண்டும். 1976-ல் ஜாக் ஆனன் என்ற உளவியலாளர் இதை நாலு படியாகப் பிரித்தார். இதைப் பற்றிப் பேசலாம், நீ நினைப்பது தப்பில்லை என்று சொல்வது முதல் படி. தேவையான அளவுக்கு விவரம் சொல்வது இரண்டாவது. குறிப்பிட்ட பயிற்சி மூன்றாவது. நாலாவதுதான் முழுத் தெரபி. பலருக்கு முதல் இரண்டு படியிலேயே வேலை முடிந்துவிடும், அதை ஒரு நல்ல கிராம நர்ஸ் கூடச் செய்யலாம். கீழே இறங்க வசதி இல்லாதவர்கள் 14416-க்குக் கூப்பிட்டுப் பார்க்கலாம், டெலி மானஸ், இலவசம், தமிழில் பேசுவார்கள், அடுத்து யாரைப் பார்ப்பது என்று வழி சொல்வார்கள். ஊட்டி அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

நவம்பர் 25

தம்பி ஆண்களை விரும்புகிறான், தெரபியில் மாற்ற முடியுமா என்று கேட்ட அண்ணனுக்கு. முடியாது, முயற்சி செய்வதே தப்பு. நான் மேலே மரியாதையாக எழுதிய மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1979-ல் மாற்ற முடியும் என்று எழுதினார்கள், அது பிறகு யாரும் நம்புகிற நிலையில் நிற்கவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவில் இப்படி மாற்றப் பார்ப்பதைத் தடை செய்யச் சொன்னது. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அதை மருத்துவர்களுக்கான தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. உங்கள் தம்பி தனக்கு ஒரு குழப்பம், பயம், உறவில் சிக்கல் என்று தானாகப் போக விரும்பினால் தெரபி உதவும். அவனைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துவதற்கு அது இடம் இல்லை.

நவம்பர் 30

குன்னூர் தம்பி, அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டீர்கள் என்று படித்ததும் இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண், டாக்டர் என்றால் மருத்துவ கவுன்சில் பதிவு எண், இரண்டில் எது என்று கூச்சப்படாமல் கேட்கச் சொல்லுங்கள். பெண் தெரபிஸ்ட் வேண்டும் என்றால் முன்னாலேயே சொல்லலாம். இரண்டு பேரும் சாப்பிடுகிற மாத்திரைகளின் அட்டையை எடுத்துப் போகட்டும், பெயர் நினைவில் வராது. உள்ளே சொல்வது வெளியே போகாது, 2017 மனநலச் சட்டம் அந்த ரகசியத்தை உரிமையாகவே கொடுத்திருக்கிறது. வேறு யாருக்காவது ஆபத்து என்கிற மாதிரி சில விதிவிலக்குதான் உண்டு, அதை அவர்களே முதல் நாள் சொல்வார்கள். அம்மா கூடப் போக வேண்டாம், நீங்களும் போக வேண்டாம். இரண்டு பேரும் தனியாகப் பஸ் ஏறட்டும்.

முதல் தடவையிலேயே தீர்ந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எங்களுக்கு மாதக்கணக்கில் ஆச்சு, நடுவில் ஒரு கட்டத்தில் நான் விட்டுவிடலாம் என்று நினைத்தேன், இவர்தான் அடுத்த தேதியை வாங்கி வைத்தார். ராத்திரி அவர்கள் வீடு திரும்பினதும் "என்ன சொன்னாங்க" என்று ஒருத்தரும் கேட்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. அம்மாவிடம் இன்றைக்கே பேசி வைத்துவிடுங்கள்.